ஒரு தீர்ப்பையும் மாற்றாதவர்

1

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலருக்கு என்னுடைய படம் ஒன்று வேண்டுமாம். பிள்ளைகளின் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு நான் நடுவராக நிற்கத் தொடங்கி இந்தக் கோடையோடு பத்து வருடம். அதற்காக ஒரு கேடயமும் மலரில் அரைப் பக்கமும் தருகிறார்கள். படத்துக்குக் கீழே போடுவதற்கு மலராசிரியர் தானே ஒரு வரி எழுதி, தொலைபேசியில் வாசித்துக் காட்டினார்: "பத்து ஆண்டுகளில் ஒரு தீர்ப்பையும் மாற்றாத நடுவர்."

"எப்பிடி மாஸ்டர், நல்லாயிருக்கோ?" என்று கேட்டார்.

"நல்லாயிருக்கு" என்றேன். அவருக்கு அச்சகத்துக்குப் போகிற அவசரம். வேறு என்ன சொல்வது?

மலருக்கான அரைப் பக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். நன்றி, ஒற்றுமை, எதிர்காலச் சந்ததி எல்லாம் அதில் இருக்கின்றன. அதில் எழுதாததை ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் யாரும் என்னை டூட்டிங் கடைத்தெருவில் நிறுத்தி விசாரிக்கப் போவதில்லை. அந்தத் துணிவுதான்.

ஊரில் நான் கணக்கு வாத்தியார். பாடசாலைகளுக்கு இடையிலான ஆட்டங்களுக்கு நடுவராகவும் நின்றவன். எண்பத்து நாலில் இங்கே வந்தபிறகு, நிலக்கீழ் ரயில் நிலையம் ஒன்றின் வாசலில் நின்று டிக்கெட் பார்க்கிறேன். ஊரில் நூறு பேர் எழுந்து நின்று காலை வணக்கம் சொல்வார்கள். இங்கே ஆயிரம் பேர் முகத்தைப் பார்க்காமல் அட்டையை நீட்டிவிட்டுப் போகிறார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஷிப்டை யாருக்காவது மாற்றிக் கொடுத்துவிட்டு டூட்டிங் பொதுவெளிக்கு ஓடுவதில் எனக்கு ஒரு சுயநலம் இருந்தது. அங்கே நான் விரலை உயர்த்தினால் எல்லோரும் பார்ப்பார்கள்.

2

பிள்ளைகளின் ஆட்டத்தில் பிள்ளைகள் பெரிதாகச் சண்டை பிடிப்பதில்லை. பிடிப்பவர்கள் பெரியவர்கள். மடக்குக் கதிரையில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே, எண்பது யார்ட் தூரத்தில் விழுந்த பந்து காலில் பட்டதா மட்டையில் பட்டதா என்று அவர்களுக்குத் தெரியும். "அண்ணை, கண்ணாடியை மாத்துங்கோ!" என்று ஒரு தகப்பன் கத்துவார். அடுத்த ஞாயிறு அவருடைய மகனுக்குச் சாதகமாக ஒன்று கொடுத்தால் அதே கண்ணாடி அவருக்குப் பிடித்துப் போகும்.

பத்து வருடத்தில் எனக்கென்று சில வழிகள் வைத்துக்கொண்டேன். வாதாட வருபவரை நோக்கி நான் ஒரு அடியும் வைக்கமாட்டேன். அவர் நடந்து வரவேண்டும். நடக்க நடக்கக் கோபத்தில் கொஞ்சம் வழியிலேயே சிந்திவிடும். அவர் வருவதற்குள் பந்தை வாங்கி என் கையில் வைத்துக்கொள்வேன். பந்து நடுவரின் கையில் இருக்கும்வரை ஆட்டம் இல்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் பேசி முடியும்வரை வாயைத் திறக்கமாட்டேன். முடிந்தபிறகு ஒருமுறை பதில் சொல்வேன். இரண்டாம் முறை சொன்னால் அது பேரம்.

பிள்ளை வாதாடினால் வேறு வழி. வெம்பிளி அணியில் ஒரு பையன், அவுட் கொடுத்ததும் மட்டையைத் தூக்கி எறிந்தான். அவனைக் கூப்பிட்டு, ஒரு ஓவர் முழுக்க என் பக்கத்தில் நிற்க வைத்தேன். "இப்ப நீயே பார். நீயே சொல்லு" என்றேன். நாலாவது பந்தில் ஒரு கேள்வி வந்தது. காலில் பட்டதா, மட்டையில் பட்டதா? பையன் முழித்தான். "ஐ டோன்ட் நோ, அங்கிள்" என்றான். போய் மட்டையைப் பொறுக்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்டான்.

மனைவி வேலை செய்யும் பேக்கரியின் பழைய வெள்ளைக் கோட்டுத்தான் என்னுடைய நடுவர் கோட்டு. பந்துகளை எண்ணுவதற்கு அதன் இடது பையில் ஆறு வறுத்த கடலை. ஒரு பந்து போட்டதும் ஒன்றை வலது பைக்கு மாற்றுவேன். இடது பை காலியானால் ஓவர் முடிந்தது. ஒருநாள் பசியில், யோசனையில்லாமல், ஒரு கடலையை வாயில் போட்டுவிட்டேன். ஐந்து பந்தோடு "ஓவர்" என்று அறிவித்தேன்.

எல்லையில் இருந்து ஒரு குரல் வந்தது. "மாஸ்டர், ஒரு பந்தைத் திண்டிட்டியள்!"

மைதானம் முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் மாற்றவில்லை. "ஓவர் எண்டா ஓவர்தான்" என்றேன். என் குணம் அது. பிழை என்று தெரிந்தபிறகும் சொன்னதில் நிற்பதை நான் நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் குரல் சிவநேசனுடையது.

3

சிவநேசன் எங்கள் அணியின் பயிற்சியாளர். என்னைவிட எட்டு வயது இளையவர், கலியாணம் செய்யாதவர். கிழமை நாட்களில் பெட்ரோல் நிலையத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மற்றவர்களின் பிள்ளைகளுக்குப் பந்து போடக் கற்றுக் கொடுப்பார். என் மகள் தாரணி அந்த அணியில் ஒரே பெண்பிள்ளை. அவளுக்குப் பந்தைச் சுழற்றக் காட்டிக் கொடுத்தவரும் அவர்தான். வீட்டில் நான் ஒரு தமிழ்ச் சொல் சொல்லிக் கொடுத்தால் தாரணிக்குத் தலையிடி வரும். சிவநேசனிடம் அவள் பத்துச் சொல் படித்தாள். அதில் ஒன்று "அளாப்பி". விளையாட்டில் ஏமாற்றுகிறவனுக்கு நாங்கள் சின்ன வயதில் சொல்லும் சொல். மைதானத்தில் இங்கிலீசுக்கு நடுவில் "ஹீ இஸ் எ அளாப்பி!" என்று அவள் கத்தும்போது எனக்குப் பெருமையாக இருக்கும்.

என்னுடைய எல்லாத் தீர்ப்புக்கும் சிவநேசனிடம் ஒரு மறுப்பு இருந்தது. அவரைச் சமாளிப்பதற்காகவே ஒரு தனிச் சட்டம் வைத்திருந்தேன். அது விதிப்புத்தகத்தில் எழுதாத சட்டம். எங்கள் பேச்சில் மூன்று படி இருக்கிறதல்லவா, நீங்கள், நீர், நீ என்று? "நீங்கள் குடுத்தது பிழை, மாஸ்டர்" என்றால் வாதாடலாம், எவ்வளவு நேரமும் கேட்பேன். "நீர் என்ன பாத்தனீர்?" என்று இறங்கினால் எச்சரிக்கை. "நீ" என்றால் வெளியே.

ஒரேயொரு முறை அந்தப் படிக்கு வந்தார். ஈஸ்ட் ஹாம் அணியோடு நடந்த ஆட்டம். ஓடி வந்த தாரணியை ரன் அவுட் என்று கொடுத்தேன். சிவநேசன் பாதித் தூரம் "நீங்கள்" என்று வந்தார், மீதித் தூரம் "நீர்" என்று வந்தார். முன்னால் வந்து நின்று, "சொந்த மகளுக்கே இப்பிடிக் குடுக்கிறாய், நீயெல்லாம் ஒரு அம்பயரோ?" என்றார். நான் பந்தைப் பிடித்த கையால் வீதியைக் காட்டினேன். அவர் போய், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஆட்டம் முடியும்வரை பார்த்தார். செவ்வாய்க்கிழமை ஒரு பை வெண்டிக்காயோடு வீட்டுக்கு வந்தார். "மாஸ்டர், நீங்கள் கோவமோ?" என்று கேட்டார். மனைவி அன்றைக்கே அந்த வெண்டிக்காயைக் குழம்பு வைத்தாள்.

பிள்ளைகளுக்கு இந்தச் சட்டம் கிடையாது. அவர்களுக்கு மூன்றும் ஒரே "யூ"தான். தமிழில் பேச முயன்றால் கையில் அகப்படுவது "நீ". "அப்பாவை நீங்கள் எண்டு சொல்ல வேணும்" என்று மனைவி திருத்துவாள். "வை? ஹீ இஸ் ஒன்லி ஒன் பெர்சன்" என்று தாரணி கேட்பாள்.

4

சிவநேசனுக்கு ஊரில் ஒரு பிள்ளை இருந்தது. பெயர் சுகந்தி. தாரணியின் வயதுதான். அவருடைய அண்ணனின் மகள். அண்ணனும் அண்ணியும் வீட்டில் செல் குண்டு விழுந்து ஒரே நாளில் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்த பிள்ளை மிஞ்சியது. இங்கே வரும்வரை சிவநேசன்தான் அவளை வளர்த்தார். பிறகு தன் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தார். மாதம் தவறாமல் அவள் கடிதம் எழுதுவாள். தேநீர் இடைவேளையில் அதை எனக்கு வாசித்துக் காட்டுவார். அண்ணன் மகளை நாங்கள் பெறாமகள் என்போம். பெறாவிட்டாலும் மகள்.

இங்கே இருக்க அனுமதி கிடைத்ததும் அவர் செய்ய நினைத்த முதல் காரியம் அவளைக் கூப்பிடுவது. விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்கு வந்தார். ஊரில் இங்கிலீசு படித்தவன், கணக்கு வாத்தியார், நடுவர். படிவம் நிரப்ப என்னைவிட யார்?

உறவுமுறை என்ற கட்டத்தில் வந்து நின்றோம்.

"மாஸ்டர், இதிலை என்ன போடுறது? பெறாமகள்தானே. நீஸ் எண்டு போடவோ?"

"நீஸ் எண்டா இவங்களுக்கு வருசத்துக்கு ஒருக்கா வாழ்த்து அட்டை அனுப்புற உறவு. ஆரோ ஒரு பிள்ளை எண்டு நினைப்பாங்கள். மகள் எண்டு போடும்."

"பிழைச்சுப் போகாதோ?"

"உமக்கு அவள் மகள் இல்லையோ?"

"அதென்ன கேள்வி, மாஸ்டர். மகள்தான்."

"அப்ப போடும். நான் சொல்லுறன்."

அவர் பேனையின் மூடியைக் கழற்றினார். மைதானத்தில் என்றால் "நீங்கள் சொல்லுறது பிழை" என்று தொடங்கியிருப்பார். அன்றைக்குத் தொடங்கவில்லை. நான் சொன்னபடி எழுதினார். பிறப்புப் பத்திரம் வீட்டோடு எரிந்து போனதால், வேறு சான்றாக அவளுடைய கடிதங்களை வைக்கச் சொன்னதும் நான்தான். நானே பன்னிரண்டு நல்ல கடிதங்களைத் தெரிந்தெடுத்தேன்.

பன்னிரண்டும் ஒரே மாதிரித்தான் தொடங்கின. "அன்பின் சித்தப்பாவுக்கு."

எனக்கு அதில் ஒரு முரணும் தெரியவில்லை. தமிழில் எழுதிய யாருக்கும் தெரிந்திராது. சித்தப்பாவுக்குள் அப்பா இருக்கிறார்தானே. ஆனால் மொழிபெயர்த்தவர் அதை இங்கிலீசில் எழுதும்போது "டியர் அங்கிள்" என்று எழுதினார். அவர் எழுதியது சரி. வேறு எப்படி எழுதுவார்?

எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. இரண்டு பக்கம். நான்தான் வாசித்துச் சொன்னேன். நீர் இந்தப் பிள்ளையை மகள் என்று கூறியிருக்கிறீர், பிள்ளையோ உம்மை மாமா என்று அழைக்கிறாள், ஆகவே உம்முடைய கூற்றை நம்ப முடியவில்லை. அவர்கள் "யூ" என்று எழுதியிருந்ததை என் வாய் "நீர்" என்று மொழிபெயர்த்ததை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். எச்சரிக்கை.

5

வழக்கறிஞர் ஒருவரிடம் போனோம். நல்ல மனுசி. படிவத்தைப் பார்த்துவிட்டு, தாய் தகப்பன் இல்லாத பெறாமகள் என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால் ஒரு வழி இருந்திருக்கும் என்றார். பொய் சொன்னதாகப் பதிவாகிவிட்டபிறகு அந்த வழி ஒடுக்கமாகிவிட்டது. அப்பீல் செய்யலாம், நாள் எடுக்கும் என்றார். நான் மொழிபெயர்த்தேன். "பெறாமகள்" என்பதை அவருக்கு விளக்க எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது. அந்தப் பத்து நிமிடத்தைப் படிவம் நிரப்பிய சனிக்கிழமை நான் செலவழித்திருக்கலாம்.

கிரிக்கெட்டிலும் அப்பீல் இருக்கிறது. பந்து போடும் அணி கேட்டால்தான் நடுவர் தீர்ப்புச் சொல்லலாம், கேட்காவிட்டால் சொல்லக்கூடாது. இந்த அப்பீல் தலைகீழ். முதலில் தீர்ப்பு, பிறகு கேட்பது, பிறகு காத்திருப்பது.

காத்திருந்தோம். அந்த வருடம், தொண்ணூற்றைந்து ஐப்பசியில், குடாநாட்டுச் சனம் முழுக்கச் சண்டையில் இடம்பெயர்ந்து மழையில் நடந்தது உங்களுக்குத் தெரியும், நீங்களே நடந்திருப்பீர்கள். சிவநேசனின் அக்காவும் சுகந்தியும் வன்னிக்குப் போய்ச் சேர்ந்ததாக ஒரு தகவல் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

தை மாதத்தில் ஒருநாள் காலை, வேலைக்குப் போகிற கூட்டம் நெருக்கியடிக்கும் நேரம், நான் வாசலில் நின்றேன். வரிசையில் சிவநேசன் வந்தார். எல்லோரையும் போலப் பயண அட்டையை என் முன்னால் நீட்டினார். நீட்டியபடியே சொன்னார்.

"மாஸ்டர், சுகந்தி போயிட்டாள். மலேரியாவாம். மருந்து இல்லையாம். அக்கான்ரை கடிதம் கொழும்பாலை வந்தது."

பின்னால் நின்றவர்கள் இடித்தார்கள். நான் அவருடைய அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்லுபடியாகும் அட்டை. அதையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். கடைசியில் அவரை ஒரு பக்கமாக இழுத்து நிறுத்தினேன்.

"சிவம், நான் அண்டைக்கு மகள் எண்டு..."

"நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே, மாஸ்டர்" என்றார்.

அவ்வளவுதான். ஒரு பந்துக்காகச் சண்டை பிடித்து வேலிக்கு வெளியே போன மனிதர், இதற்கு அவ்வளவுதான் சொன்னார். நீங்கள் என்றார். "நீ" என்று ஒருமுறை சொல்லியிருந்தால், சட்டையைப் பிடித்திருந்தால், என் ஆயுளுக்கும் அவருக்கு நன்றி சொல்லியிருப்பேன். அவர் அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, படியிறங்கி ரயிலுக்குப் போனார். அன்றைக்கும் அவருக்கு வேலை இருந்தது.

மாசியில் அப்பீல் விசாரணைக்குத் திகதி போட்டுக் கடிதம் வந்தது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று பதில் எழுத வேண்டும். அதையும் நான்தான் எழுதினேன். காரணம் கேட்டிருந்தார்கள். என்னுடைய நீஸ் இறந்துவிட்டாள் என்று சிவநேசனுக்காக எழுதினேன். இந்த முறை சரியான சொல். எழுதிவிட்டுக் குசினியில் அடுப்புக்கு முன்னால் போய் நின்று அழுதேன்.

6

வைகாசியில் ஆட்டங்கள் தொடங்கின. சிவநேசன் வருவாரோ என்று பயந்தேன். வந்தார். பந்துகளையும் மட்டைகளையும் காவிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் வந்தார். பிள்ளைகளுக்குப் பந்து போட்டார். ஆனால் வாதாடவில்லை. ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு, ஐந்து ஞாயிறு. சந்தேகமான தீர்ப்புகளைக் கொடுத்துவிட்டு எல்லைப் பக்கம் பார்ப்பேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "சிவநேசன் திருந்திட்டார்" என்று பெற்றோர் சிரித்தார்கள். "உங்களுக்கு இப்ப நிம்மதி, மாஸ்டர்" என்றார்கள்.

போன ஞாயிறு ஈஸ்ட் ஹாம் அணி வந்தது. தாரணி பந்து போட்டாள். நாலாவது பந்து சுழன்று, மட்டையின் ஓரத்தில் பட்டு விக்கெட் காப்பாளரின் கைக்குப் போனது. சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. தாரணி திரும்பி இரண்டு கைகளையும் தூக்கி என்னிடம் கேட்டாள். அடித்த பையன், அவன் நல்ல பிள்ளை, கையுறையைக் கழற்றிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டான்.

நான் தலையை ஆட்டினேன். "நாட் அவுட்" என்றேன். நடந்த பையனைத் திரும்ப வரச் சொன்னேன்.

தெரிந்துதான் செய்தேன். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் விக்கெட்டை, அதுவும் என் மகளுடையதை, தெரிந்துகொண்டே களவெடுத்தேன். வேறு ஒன்றுக்கும் அல்ல. சிவநேசன் அங்கிருந்து கத்திக்கொண்டு ஓடி வரவேண்டும். நீங்கள், நீர், நீ என்று படிப்படியாக இறங்கி என் முன்னால் வந்து நிற்கவேண்டும். படிவம் நிரப்பிய அந்தச் சனிக்கிழமைக்கும் சேர்த்து என்னைத் திட்டவேண்டும். பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு காத்திருந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "அம்பயர் சொன்னாச் சரிதான். விளையாடுங்கோ" என்றார்.

தாரணி அசையவில்லை. முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டி நின்றது. என் மகள் கோபத்தில் இங்கிலீசில்தான் பேசுவாள். அன்றைக்குத் தமிழில் சொன்னாள். சிவநேசன் படிப்பித்த சொல்லால் சொன்னாள்.

"அப்பா, நீ அளாப்பி."

பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் இல்லை என்று சொன்னேனல்லவா? அவளுக்கு நீங்களும் நீயும் ஒன்றுதான் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சொல் எனக்கு வரவேண்டிய சொல். வரவேண்டிய இடத்திலிருந்து வராமல் இவளிடமிருந்து வந்தது. நீ என்றால் ஒருவர் வெளியே போகவேண்டும். அவளை எப்படி அனுப்புவது?

பந்தை அவளிடம் கொடுத்தேன். கோட்டைக் கழற்றிக்கொண்டு எல்லைவரை நடந்தேன். பத்து வருடத்தில் முதல்முறையாக, வாதாட வராத ஒருவரை நோக்கி நான் நடந்து போனேன்.

"என்ன மாஸ்டர், நடு ஓவரிலை?" என்றார் சிவநேசன்.

"நான் பிழையாக் குடுத்திட்டன், சிவம்."

அவர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"ஓம்" என்றார். "தெரியும்."

கோட்டை என் கையிலிருந்து வாங்கிப் போட்டுக்கொண்டார். கோட்டின் கை அவருக்கு நீளம் போதவில்லை. இடது பைக்குள் கையை விட்டு எண்ணிப் பார்த்தார்.

"ரெண்டு பந்து கிடக்கு" என்று சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளைகளை நோக்கி நடந்தார்.